‘மேலே’ என்று எழுதியது நான்தான்

ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு போன் வந்தால் ஒன்று கேஸ் சிலிண்டர், இல்லாவிட்டால் சந்தேகம். போன வாரம் வந்தது சந்தேகம். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரஞ்சனி பேசினாள்.

“அக்கா, மறுபடியும் அந்தப் பேப்பர் வந்திருக்கு. மாநிலத்துக்கு அதிகாரம் வேணும், அரசியல் சட்டத்தத் திருத்தணும்னு. மலையாளத்த அப்படியே கம்ப்யூட்டர்ல போட்டேன், டக்குனு தமிழ் வந்திருச்சு. ஆனா ‘கேந்திரம்’கிறதுக்கு ஒரு எடத்துல மத்திய அரசுங்குது, ஒரு எடத்துல ஒன்றிய அரசுங்குது, இன்னொரு எடத்துல வெறும் ‘மையம்’னு நிக்குது. எதை வைக்கட்டும்?”

“ஒண்ணையும் வைக்காதே” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். கோபம் அவள்மேல் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகச் சார்ஜ் மெமோ வாங்கியவள் நான். கேட்டதும் பழைய சூடு ஏறிவிட்டது. அவளும் சும்மா விடுகிற ஆள் இல்லை. ‘அப்படியென்றால் நடந்ததை எழுதிக் கொடுங்கள்’ என்று மெசேஜ் அனுப்பினாள். எழுதுகிறேன். படித்து யாராவது முகம் சுளித்தால் தாராளமாகச் சுளிக்கட்டும்.

நான் பிறந்தது போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைவீதியில் மலையாளம், கங்காணி திட்டும்போது இரண்டும். பரீட்சை எழுதி கிளார்க் வேலை கிடைத்து, ஆரம்ப வருஷங்களை மலையிலேயே ஒரு வில்லேஜ் ஆபீசில் ஓட்டினேன். அரசாங்க நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் வருவார்கள். நான் வரிக்கு வரி தமிழில் சொல்ல ஆரம்பித்தால் கையை நீட்டி நிறுத்துவார்கள். “தாயி, இது நல்ல சேதியா, கெட்ட சேதியா? அத மட்டும் சொல்லு.” மொழிபெயர்ப்பு என்ற வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான். வேறு பயிற்சி யாரும் கொடுக்கவில்லை.

அங்கிருந்து பாலக்காட்டுக்குக் கிழக்கே, எருத்தேன்பதிப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அனுப்பினார்கள். ஊர் முழுக்கத் தமிழ்தான், ஆனால் என் தமிழ் இல்லை. நான் “அங்கன வையுங்க” என்றால், “ஏனுங்கம்மணி, அங்கனவாடியிலீங்களா வெக்கோணும்?” என்று வேண்டுமென்றே கேட்டுச் சிரிப்பார்கள். முதல் வருஷம் முழுக்க என்னை வைத்துத்தான் அந்த ஊருக்குப் பொழுது போயிற்று.

வேலை இதுதான். மேலிருந்து வருவது மலையாளம். அதைத் தமிழாக்கி வார்டு மெம்பரிடம் முன்கூட்டியே கொடுத்து, கிராமசபை கூடும்போது நான் வாசிக்க வேண்டும். மக்கள் சொல்வதைத் தமிழில் மினிட்ஸ் எழுதி, அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, ஆட்சேபம் உண்டா என்று கேட்ட பிறகே மூட வேண்டும். பிறகு அதை மலையாளமாக்கி மேலே அனுப்ப வேண்டும். கடைசியில் ‘தமிழ் மூலத்தில் உள்ளபடி’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் மலையாளப் பிரதி செல்லாது. முப்பது வருஷத்துக்கு மேல் போன என் உத்தியோகத்தில் எனக்கென்று இருந்த அதிகாரம் அது ஒன்றுதான். பியூனுக்குக்கூட என்னைவிட அதிகாரம் அதிகம், அவனிடம் சாவி இருந்தது.

எங்கள் செக்ரட்டரி சுகுணன் சார். மலையாளி, நல்ல படிப்பாளி. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஃபைலைத் திறக்குமுன் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். பிடிக்காத வாக்கியம் கண்ணில் பட்டால் அதை அடிக்க மாட்டார். அதன் அடியில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். ஃபைலை நம் பக்கம் திருப்பி வைப்பார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வாக்கியத்தை நாமே அடிக்க வேண்டும், நம் கையாலேயே, நம் பேனாவாலேயே. அடித்ததும் திரும்பி, “நன்னாயி” என்பார். நான் எத்தனையோ வாக்கியங்களை அப்படி அடித்திருக்கிறேன். எல்லோரும் அடித்தார்கள். அவர் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்போம். பனைமரத்தைப் பார்ப்பவரிடம் என்ன பேசுவது?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அந்தத் தீர்மான வரைவு வந்தது. மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்தில் மாநிலத்தைக் கேட்காமல் டெல்லி சட்டம் போடக் கூடாது, பொதுப் பட்டியலில் இருப்பதற்கும் மாநிலத்தின் சம்மதம் வேண்டும், சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை கவர்னர் கிடப்பில் போட்டு வைக்கக் கூடாது, இதற்கெல்லாம் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கிராமசபைகளும் கேட்க வேண்டுமாம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் நியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். சுகுணன் சார் அதை வாசித்துக் காட்டும்போது அவர் குரலே தழுதழுத்தது. “முத்துச்செல்வி, இது நல்ல தமிழில் வரணும் கேட்டோ. ஆளுகளுக்கு மனசில் தட்டணும்” என்றார்.

மனசில் தட்டத்தான் நினைத்தேன். வார்த்தை கிடைக்கவில்லை. மலையாளத்தில் அரசியல் சட்டத்துக்கு ‘பரணகடன’, திருத்தத்துக்கு ‘பேதகதி’. இதை அப்படியே வாசித்தால் பரண்மேல் வைத்த கடனுக்குப் பேதி வந்துவிட்டது என்று சிரிக்கிற ஊர் அது. அதைக்கூடத் தமிழாக்கிவிட்டேன். டெல்லி அரசுக்கு மலையாளத்தில் சொல்கிற ‘கேந்திரம்’தான் உயிரை எடுத்தது. எங்கள் பக்கம் கேந்திரம் என்றால் ஆதார் அட்டையில் போட்டோ மாற்றிக் கொடுக்கிற கம்ப்யூட்டர் கடை. அதன் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோரும் சந்தோஷமாகக் கை தூக்குவார்கள், ஏனென்றால் அங்கே நெட் வேலை செய்வதில்லை.

கிராமசபை அன்று ‘ஒன்றிய அரசு’ என்று வாசித்துப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்கம்மணி, ஒன்றிய ஆபீசு பொள்ளாச்சிப் பக்கமில்லீங்க இருக்குது? அவுங்களுக்கு நம்ம மேல என்னங்க அதிகாரம்? நாம கேரளாவாச்சுங்களே.”

எல்லைக்கு அந்தப் பக்கம் ஊராட்சி ஒன்றியம். கல்யாணம் காட்சிக்குப் போகும்போது அந்தப் போர்டைப் பார்க்கிறார்கள். அவர் சொன்னதில் தப்பு என்ன? ‘மத்திய அரசு’ என்று மாற்றினேன். பின்னாலிருந்து ஒரு குரல், “மத்தி மீனு இன்னைக்குக் கிலோ என்ன வெலைங்க?” என்றது. கூட்டமே சிரித்தது. டிவியில் தினமும் கேட்கிற வார்த்தைதான், தெரியாமல் இல்லை. தங்களுக்குச் சம்பந்தம் இல்லாத வார்த்தை என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சரி, நீங்களே சொல்லுங்க. டெல்லில இருந்து உத்தரவு போடுதாங்கல்ல, அவங்கள நீங்க என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“மேல இருக்கறவிய” என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

அப்படியே வாசித்தேன். மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களைக் கேட்காமல் அவர்கள் விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது, அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும். முன்வரிசைக்காரர்கள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் தலைகள் ஆடின. இத்தனை வருஷத்தில் நான் வாசித்த எந்தக் காகிதத்துக்கும் அந்த ஊர் அப்படித் தலையாட்டிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் பழனியாத்தாள் எழுந்தார். அறுபதைத் தாண்டியவர், தனியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய கதை வார்டு முழுக்கத் தெரியும். நிலத்தை மறு சர்வே செய்து, தோப்பின் ஓர் ஓரத்தைப் புறம்போக்கு என்று குறித்துவிட்டார்கள். அந்த ஓரத்தில்தான் அவரும் புருஷனும் தோண்டிய கிணறு. ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லி நோட்டீசு வந்திருக்கிறது, மலையாளத்தில். பால் சொசைட்டியில் பேசுகிற மலையாளம் பழனியாத்தாளுக்கு நன்றாகவே புரியும். நோட்டீசு பேசுகிற மலையாளம் மலையாளிக்கே புரியாது, எழுத்தும் இவருக்குத் தெரியாது. கொசு மருந்து அடிக்க வருகிறார்கள் போலிருக்கிறது என்று வைத்துவிட்டார். கெடு முடிந்து போனது. அப்பீல் போனால், நோட்டீசு கொடுத்தாயிற்றே என்று பதில் வந்தது. தமிழில் கொடுக்கவில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய வாதம். அதற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. கிணறு போனால் தோப்பு போயிற்று.

“இது நல்ல தீர்மானமுங்க” என்றார் பழனியாத்தாள். “ஒண்ணு மட்டும் சேத்துக்கோணும். மேல இருக்கறவிய ஆரா இருந்தாலுஞ்சரி, எங்குளுக்குப் புரியற பேச்சுல கேக்காம ஒண்ணும் பண்ணப்படாது. என்ற கெணத்துக்கு அப்பிடித்தானுங்க பண்ணிப்போட்டாங்க. அதையும் எழுதுங்க.”

ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். “இல்லீங்க” என்றார்கள். எழுதினேன். ‘மேலே உள்ளவர்கள் யாராக இருந்தாலும், கீழே உள்ளவர்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. இந்த வார்டில் மறு சர்வே நோட்டீசு தமிழில் தரப்படவில்லை என்பதை இச்சபை பதிவு செய்கிறது.’ படித்துக் காட்டினேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

மலையாளப் பிரதியைச் சுகுணன் சார் மேஜையில் வைத்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்த நேரமே கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. படித்தார். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் அடியில் பென்சிலால் கோடு இழுத்தார். ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். பனைமரத்தைப் பார்த்தார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் திரும்பி, என்னையும் ஃபைலையும் பார்த்தார். நான் மறந்து போய் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். மறுபடி என் பக்கம் திருப்பினார். நானும் மறுபடி திருப்பினேன்.

“முத்துச்செல்வி, ஆளுகள் தெற்றா மனசிலாக்கி. ‘மேலே’ என்னு எழுதினது உங்கள் தெற்று. கேந்திரம் வேறே, நாம் வேறே.”

“தப்பாப் புரிஞ்சுக்கிடல சார். ரொம்பச் சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்க. அதான் உங்களுக்குப் பிடிக்கல.”

இப்படி நான் அதுவரை எந்த மேலதிகாரியிடமும் பேசியதில்லை. அவர் குரல் அப்போதும் உயரவில்லை. “டெல்லிக்கு எதிராயிட்டு நாம் ஒற்றக்கெட்டா நிக்கண்ட சமயம். இதில் ஒரு கிணற்றின்டெ காரியம் வேண்டா” என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒற்றுமையாக நிற்க வேண்டுமாம். யார் கிணற்றை விட்டுக்கொடுத்து? பெரிய சண்டை நடக்கும்போது சின்னவர்கள் வாயை மூட வேண்டும் என்பதைத்தானே டெல்லியும் இவர்களிடம் சொல்கிறது!

“அப்ப நீங்களே எழுதிக்கிடுங்க சார். நான் ‘உள்ளபடி’ன்னு கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கையெழுத்து இல்லாமல் அவரால் அனுப்ப முடியவில்லை. எனக்கு மெமோ வந்தது. பொருத்தமற்ற சொல்லைப் பயன்படுத்தி மக்களிடையே தெற்றித்தாரணையை, அதாவது தவறான எண்ணத்தை, உண்டாக்கினேனாம். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் ஏன் இந்த வேலை என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆபீசில் என்னோடு டீ குடிக்க வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பதிலில் நான் ஒரு வரிதான் எழுதினேன். தெற்றித்தாரணையா இல்லையா என்று அந்த மக்களையே கூப்பிட்டுக் கேட்கலாம்.

கேட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மறுபடி கிராமசபை கூடியது. இந்த முறை சுகுணன் சாரே வந்தார். அவர் மலையாளத்தில் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அவர் பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது. நம் வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்று டெல்லியில் முடிவு செய்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டார். நான் தமிழில் சொல்வதற்குள்ளேயே, “ஆகாதுங்க, ஆகாதுங்க!” என்று குரல்கள் வந்தன. அவர் முகம் மலர்ந்தது.

பழனியாத்தாள் எழுந்தார். “நாயமுங்க சார். எங்கூட்டுக் கொழம்பு எங்க இஷ்டம். அப்ப எங்கூட்டுக் கெணறு?”

“அது வேறே, இது வேறே” என்றார் சார், தமிழிலேயே.

“எப்பிடிங்க வேற? அவிய உங்களக் கேக்காமப் பண்ணுனாத் தப்புன்னு இத்தன தூரம் வந்து சொல்றீங்க. நீங்க எங்களக் கேக்காமப் பண்ணுனா அதுக்கு வேற பேருங்களா? அந்தப் பேரச் சொல்லுங்க, அதையே எழுதிக்கிறோம்.”

நான் அதை மலையாளத்தில் சொன்னேன். ஒரு சொல் குறையாமல் சொன்னேன். சுகுணன் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பஞ்சாயத்து பிரசிடண்ட் ஓட்டுக்கு விட்டார். இரண்டு வாக்கியமும் வேண்டும் என்று மொத்தக் கூட்டமும் கை தூக்கியது. போன தடவை வராதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும், சுகுணன் சார் அன்று பென்சிலை எடுக்கவில்லை. நான் மலையாளப் பிரதியில் ‘தமிழ் மூலத்தில் உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். ஆனால் மெமோவைத் திரும்பப் பெறவில்லை. கண்டிப்பு என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஏறட்டுமே! அந்த உத்தரவை லாமினேட் செய்து, வருகிறவர்கள் பார்க்கும்படி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வீட்டில் அங்கே பேரன் பேத்தி போட்டோ இருக்கும்.

அந்தப் பிரதியைக் காட்டித்தான் பழனியாத்தாளின் அப்பீலை மறுபடி எடுக்க வைத்தோம். விசாரணைக்குத் தமிழில் நோட்டீசு வந்தது. இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. நான் அதைக் காட்டியதும், “கெடக்குட்டுங்கம்மணி, என்னால படிக்க முடியுதில்லீங்க” என்றார். விசாரணை நாளில் மொழிபெயர்ப்புக்காக நானும் போனேன். சர்வே அதிகாரி அவசரத்தில் இருந்தார். பழனியாத்தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “மேடம், இவர்க்கு பறயானுள்ளது நிங்ஙள் சுருக்கிப் பறஞ்ஞால் மதி” என்றார். இவர் சொல்ல வேண்டியதை நீங்களே சுருக்கமாகச் சொன்னால் போதுமாம்.

நான் தொண்டையைச் செருமினேன். பழனியாத்தாள் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“நானே சொல்றேனுங்க. நீங்க மாத்தி மட்டும் சொல்லுங்க” என்றவர், அந்த அதிகாரியின் மேஜைக்கு நேரே போய் நின்றார். “சார், அது என்ற கெணறுங்க.”

நான் வாயைத் திறந்தேன். மலையாளத்தில் அதை என்னவென்று சொல்வது? ‘என்டெ கிணறு.’ இந்த ஊர்க்காரர்களின் ‘என்ற’வும் அவர்களுடைய ‘என்டெ’யும் ஒன்றுதான். கிணறும் கிணறுதான். மாற்றுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அதற்குள் அந்த அதிகாரி தலையை நிமிர்த்தி, முதல் தடவையாகப் பழனியாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டார். “மனசிலாயி அம்மே. இரிக்கூ” என்று நாற்காலியைக் காட்டினார். நிலத்தை மறுபடி அளந்தார்கள். கிணறு பழனியாத்தாள் பேரில் வந்தது.

டெல்லியில் அந்தத் திருத்தம் இன்றுவரை நடக்கவில்லை. நடக்க வேண்டும். மறுபடி தீர்மானம் போட்டால் நானும் முதல் ஆளாகக் கை தூக்குவேன். ஆனால் ரஞ்சனி, இந்த முறையும் அதைக் கூட்டத்தில் உரக்க வாசி. எந்த வார்த்தைக்கு அவர்கள் தலை ஆடுகிறதோ அந்த வார்த்தையை எழுது. யாராவது அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டு ஃபைலை உன் பக்கம் திருப்பி வைத்தால், அவர் பக்கமே திருப்பி வை.